பேய்க்குக் கால் உண்டு

சென்ற மாதம் திருநெல்வேலியில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு பேர் கூடி, கொடியில் தொங்கிய வெள்ளை வேட்டியில் ஸாம் ரெய்மியின் 'ஈவில் டெட் 2' (1987) பார்த்தோம். படம் முடிந்ததும் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் பேசினார். படித்தவர், எழுதுகிறவர். அவர் எழுத்தில் எனக்கு மரியாதை உண்டு என்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. அவர் சொன்னதன் சாரம் இது: பயத்தையும் சிரிப்பையும் பிரிக்கமுடியாதபடி பிசைந்து தரும் இந்தச் சினிமா தமிழில் தோன்றவே இல்லை, சில்லறைக் காசில் அமெரிக்கப் பையன்கள் இப்படிச் செய்துகாட்டிய அதே எண்பதுகளில் நம்மவர்கள் எடுத்த பேய்ப்படங்கள் குப்பை. பிறகு டீ வந்தது. கைபேசியில் 'ஜகன்மோகினி'யின் ஒரு துண்டை ஓடவிட்டுச் சுற்றுக்கு அனுப்பினார். வீட்டுக்குள் புகுந்துவிட்ட பேய், விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் நீட்டி வைத்து எரிக்கிறது. கைபேசி கைமாறக் கைமாறச் சிரிப்பு. "இதுதான் நம்ம கல்ட்" என்றார் நண்பர். பதினான்கு பேரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு ஆட்சேபணை.

குப்பை என்று ஒதுக்குகிறவரும், குப்பை என்பதற்காகவே கொண்டாடுகிறவரும் வெவ்வேறு ஆட்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று மாடியில் இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவர் ரே, கட்டக், அடூர் என்று ஜெபமாலை உருட்டிய பிலிம் சொசைட்டித் தலைமுறையின் வாரிசு. (நானும் அந்த மாலையை உருட்டியவன்தான், 'சுபர்ணரேகா' இன்றும் என்னைத் தூங்கவிடாது.) இரண்டாமவர் அந்தத் தலைமுறை பெற்ற பிள்ளை. அப்பன் தெருவில் வீசியதை எடுத்துவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டே மடியில் வைத்துக் கொஞ்சுகிறான். இருவர் கண்ணிலும் படுவது படத்தின் ஏழ்மை மட்டுமே. சூசன் சான்டாக் 1964-ல் 'கேம்ப்' பற்றி எழுதிய குறிப்புகளில், தோற்றுப்போன தீவிரத்துக்கு ஒரு தனி ருசி உண்டு என்று அடையாளம் காட்டினார். கூர்மையான எழுத்து. நியூயார்க்கில் அது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த ருசியை அனுபவிக்க ஒரு சௌகரியம் வேண்டும்: தோற்றவன் வேறு யாராவதாக இருக்கவேண்டும். போகட்டும், 'ஜகன்மோகினி' எதில் தோற்றது? 1978-ல் தெலுங்கில் வந்து, தமிழும் பேசி, இரண்டு பாஷையிலும் கொட்டகைகளை நிரப்பிய படம் அது. யார் வைத்த பரீட்சையில் அதற்கு ஃபெயில் மார்க் போட்டிருக்கிறோம்?

பி. விட்டலாச்சார்யா (1920–1999) உடுப்பிப் பக்கத்துக் கன்னடக்காரர். தெலுங்கில் மாயாஜாலப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். சிக்கனத்துக்குப் பேர்போனவர். கூடுதல் சம்பளம் கேட்ட நடிகரை அடுத்த காட்சியில் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு, மிச்சப் படத்தை அந்தப் பிராணியை வைத்தே முடித்துவிடுவார் என்று கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, ஐந்தாண்டுக்கொரு முறை நடக்கும் எங்கள் வங்கி ஊழியர் ஒப்பந்தப் பேச்சை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இப்போது அந்த அடுப்புக் காட்சி. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது நாம் பாலோடு குடித்த சாஸ்திரம். அகாலத்தில் எதிர்ப்படும் பெண்ணின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்றுதான் கதை சொன்னவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விட்டலாச்சார்யா பேய்க்குக் காலைக் கொடுக்கிறார்; கொடுத்த காலை அடுப்புக்குள் வைக்கிறார். காட்சியின் ஜீவன் அங்கே இருக்கிறது. அடுப்பு, பானை, உட்கார்ந்திருக்கும் தோரணை எல்லாம் நாம் அன்றாடம் பார்த்தவை. எரிபொருள் மட்டும் மாறிவிட்டது. திக்கென்கிறது, உடனே சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் வேறொன்றும் மெதுவாக மேலே வருகிறது: வீட்டு வேலையில் ஒரு பெண் தன்னையே போட்டு எரிப்பது அப்படியொன்றும் அமானுஷ்யம் இல்லையே என்று. படம் இதைச் சொல்ல நினைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். படத்தில் அது இருக்கிறது. பயமும் சிரிப்பும் ஒரே பொருளிலிருந்து, ஒரே கணத்தில் புறப்படுகின்றன. நண்பர் தேடிய பிசைவு இதுதான்; அவர் கையிலேயே, அவர் கைபேசியிலேயே இருந்தது.

நியாயத்துக்கு ரெய்மியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'ஈவில் டெட் 2'-ல் கதாநாயகனின் வலது கை அவனுக்கே எதிரியாகிறது. சமையலறைத் தட்டுகளை எடுத்து அவன் மண்டையிலேயே உடைக்கிறது. அவன் ரம்பத்தை ஓட்டி அந்தக் கையை அறுத்தெறிகிறான். அறுந்த கை எலிபோல ஓடுகிறது. ஓடும் கையின் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, வாளிக்குப் பாரமாக ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலை வைக்கிறான். ஆயுதத்துக்கும் கைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் வரும் சிலேடை. மாடியில் இந்த இடத்துக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் டிகிரி வாங்கியவர்கள், நானும் பி.ஏ. இங்கிலீஷ். காலை எரிக்கிற பேய்க்குச் சிரிக்க டிகிரி வேண்டாம். ரெய்மியின் படம் எனக்குப் பிடிக்கும். என் உடம்பு என் சொல் கேளாமல் போய்விடுமோ என்ற தனிமனிதனின் பயம் அதில் குதித்தாடுகிறது. நம் அடுக்களைப் பேயின் கால் அவள் சொல்லைக் கேட்கிறது. அளவுக்கு மீறிக் கேட்கிறது. இந்த இரண்டு பயங்களில் ஒன்றைக் கலையென்றும் மற்றதைக் குப்பையென்றும் நிறுக்க எந்தத் தராசு வைத்திருக்கிறீர்கள்?

மலிவைப் பற்றியும் பேசிவிடுவோம். ரெய்மியும் நண்பர்களும் 1981-ல் வெளிவந்த முதல் 'ஈவில் டெட்'டுக்கு, கேமராவை ஒரு பலகையில் பொருத்தி, பலகையின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். சாதனம் வாங்கக் காசில்லை. அந்தப் பலகை இன்று சினிமாப் புத்தகங்களில் இடம் பெற்றுவிட்டது. நம்மவர் கேமராவை நிறுத்துகிறார், ஆளை அகற்றிவிட்டு அந்த இடத்தில் ஆட்டை நிறுத்துகிறார், மறுபடி ஓட்டுகிறார். 1890-களில் பாரிஸில் மெலியே என்ற மாஜிக்காரர் செய்து காட்டிய அதே வித்தை. ஒரே பிலிமை இரண்டு தடவை ஓட்டி ஒருவரையே இருவராக்குவது, பின்னோக்கி ஓட்டிச் சிதறியதைச் சேரவைப்பது, கறுப்புத் துணியால் உடம்பை மறைத்துத் தலையை மட்டும் மிதக்கவிடுவது: இந்த ஏழெட்டு உத்திகள்தான் மூலதனம். அவன் செய்தால் உத்தி, இவன் செய்தால் கஞ்சத்தனம்.

கம்பி தெரிகிறது என்பது அடுத்த கேலி. தெரியட்டுமே. தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். துணிக்கு மேலே துரியோதனன் கிரீடம் தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது. அவன் வந்தாயிற்று என்று ஊருக்கே தெரியும். துணி விலகும்போது ஊர் திடுக்கிடவே செய்கிறது. தெரிந்துகொண்டே திடுக்கிடுவது ஒரு பயிற்சி. சில நூறு வருஷங்களாக நம் ஜனங்கள் பெற்றிருக்கும் பயிற்சி. கம்பியைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர், கூத்தில் எழுந்து நின்று "அது வெறும் வேட்டி" என்று கத்துகிறவரைப் போன்றவர். அவரை யாரும் புத்திசாலி என்று எடுத்துக்கொள்வதில்லை. யாராவது ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்.

தமிழில் இந்த வகை இல்லை என்பதற்கு வருகிறேன். நண்பர் பரணி படித்திருக்கிறார், பாடமாகப் படித்தார் போலிருக்கிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். பாட்டுடைத் தலைவன் குலோத்துங்கன் என்பார்கள். படித்துப் பார்த்தவனுக்கு அதில் மனசில் நிற்கிறவை பேய்கள். பட்டினியில் வற்றிப்போன பேய்கள். நொண்டி, குருடு, செவிடு என்று ஒவ்வொரு ஊனத்துக்கும் ஒரு பழைய யுத்தத்தைக் காரணம் சொல்லும் பேய்கள். போர் முடிந்ததும் அவை களத்தையே அடுக்களையாக்கிப் பிணங்களைப் போட்டுக் கூழ் காய்ச்சுகின்றன. பந்தி நடக்கிறது. பார்ப்பனப் பேய் வருகிறது, சமணப் பேய் வருகிறது, புத்தப் பேய் வருகிறது. அவரவர் ஆசாரத்தைக் கெடுக்காமல் பிணக்கூழ் பரிமாறவேண்டும். இதைப் படித்துச் சிரிக்காதவன் தமிழ் தெரியாதவன். சிரித்தபின் வயிறு புரளாதவன் மனுஷனில்லை. இன்னும் ஒன்று: அந்த நூலில் 'இந்திரசாலம்' என்றே ஒரு பகுதி உண்டு. இமயத்திலிருந்து வித்தை கற்றுவந்த கிழப்பேய் ஒன்று காளியின் முன்னால் மாயக்காட்சிகள் காட்டுகிறது. அறுந்த யானைத் துதிக்கைகளும் ரத்தமும் நிணமும் கண்முன்னே தோன்றுகின்றன. பசித்த பேய்க்கூட்டம் பாய்கிறது. பிடித்தால் கையில் ஒன்றுமில்லை, கடித்தால் வாயில் ஒன்றுமில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, போதும் நிறுத்து என்று கெஞ்சுகின்றன. கொட்டகை, படம், தரை டிக்கெட் எல்லாம் அங்கே ஆகிவிட்டது. விட்டலாச்சார்யா பரணி படித்திருக்கத் தேவையில்லை; படித்திருக்கவும் மாட்டார். ரத்தத்தில் ஓடுகிறது, மரபணுவில் இருக்கிறது என்ற வகைப் பம்மாத்தெல்லாம் எனக்கு வேண்டாம். பேயையும் அடுப்பையும் பசியையும் சேர்த்து நினைத்துச் சிரிக்கிற வழி இந்தப் பாஷையில் ஏற்கனவே போட்டுக்கிடக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்குப் படித்துவிட்டு, அமெரிக்காவில்தான் முதலில் போட்டார்கள் என்று மாடியில் நின்று சொல்லக்கூடாது.

'கல்ட்' என்ற சொல்லுக்கே வழிபாடு என்றுதான் முதல் அர்த்தம். எங்கள் பக்கம் வருஷாவருஷம் சுடலைமாடன் கொடை நடக்கிறது. அந்த ராத்திரியில் கணியான் கூத்து உண்டு. மகுடம் முழங்க, பெண்வேஷம் கட்டிய ஆண்கள் ஆடிக்கொண்டே கூட்டத்தோடு வம்பு பேசுவார்கள், கிழவிகள் பதிலுக்குப் பேசுவார்கள், சிரிப்பு அலையடிக்கும். அதே ராத்திரி, நடுச்சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது, சற்றுமுன் சிரித்த அதே கிழவி பேரனை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொள்வாள். சிரிப்புக்கு ஒரு பந்தல், பயத்துக்கு ஒரு பந்தல் என்று யாரும் போடுவதில்லை.

இனி நண்பர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் வக்கீல் ஆகிவிடுவேன். எண்பதுகளின் தமிழ்ப் பேய்ப்படங்களில் பெரும்பாலானவை சிரிக்கவைக்க உத்தேசித்தவை அல்ல. சக்தி–கண்ணன் இயக்கிய 'யார்?' (1985), 1976-ல் வந்த அமெரிக்க 'ஓமன்' படத்தின் சாத்தான் குழந்தையை எடுத்து நம் கிரகபலனில் உட்காரவைத்தது, விறைப்பான படம். அதே வருஷம் வந்த மனோபாலாவின் 'பிள்ளை நிலா'வில் ஆவி ஒரு சிறுமியின் உடம்பில் புகுகிறது. (இளையராஜாவின் இசையோடு ஊரை நடுங்கவைத்த அந்த இயக்குநரை 2023-ல் அவர் இறந்தபோது தமிழகம் நினைத்துக்கொண்டது ஒல்லியான சிரிப்பு நடிகராக.) மலையாளத்திலிருந்து வந்த பேபியின் 'மை டியர் லிசா' (1987), செத்தவனை மருந்து கொடுத்து எழுப்பும் வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்' (1989) எல்லாம் பயமுறுத்தவே வந்தன. சில இடங்களில் பயமுறுத்தின. சில இடங்களில் ஜனங்கள் விசிலடித்தார்கள். 'நாளைய மனிதன்' கதையையே கிட்டத்தட்ட 1985-ல் அமெரிக்காவில் 'ரீ–அனிமேட்டர்' என்று சிரிப்பும் குடலுமாக எடுத்தார்கள். நம்மவர்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு எடுத்தார்கள். இந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். பம்பாயில் ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984) பயத்தில் தேர்ந்த படம். ஆனால் அதில் ஜகதீப்பை வைத்து 'ஷோலே'யைக் கேலி செய்யும் பகுதி தனி வண்டியில் ஓடுகிறது. பேய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிரிப்பான பேயென்று பார்த்தால் 'கல்யாணராம'னில் (1979) செத்துத் திரும்பிவந்து தம்பிக்குள் புகும் தெத்துப்பல் கல்யாணம் இருக்கிறான். 1984-ல் மலையாளத்தில் வந்த முப்பரிமாண 'மை டியர் குட்டிச்சாத்தான்' இருக்கிறது. அது அறையையே சுழற்றி எடுத்த பெரிய செலவுப் படம், நம் ஏழைப் பேய்க்குப் பணக்கார உறவு. ஆக, மலிவான சிரிப்புப் பேய் என்ற கணக்கில் விட்டலாச்சார்யாவும் அவர் வழிவந்த டப்பிங் படங்களுமே தேறுகின்றன. கணக்கு சிறியது. இல்லை என்று சொல்லமுடியாத கணக்கு.

எண்பதுகளில் இந்தப் படங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் பிறந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். எங்கள் கரையில் மூங்கில்மேல் மூங்கில் கட்டி ஆன்டெனா ஏற்றி இலங்கையின் ரூபவாஹினியை இழுத்துப் பார்த்த காலம் அது. கல்யாண வீடு, சடங்கு வீடு என்றால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். எம்.ஜி.ஆர். முதலில். பேய்ப்படம் நள்ளிரவுக்கு மேல். பாதித் தூக்கத்தில், ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்து, பதினைந்து இருபது பேராகப் பார்த்த படத்தை, நாம் இன்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகப் பார்த்துவிட்டுப் பயமாகவே இல்லை என்கிறோம்.

படங்களின் பாவங்களை மறைக்க வரவில்லை. மோகினி என்றால் நனைந்த வெள்ளைச் சேலையும் ஜெயமாலினியின் ஆட்டமும். கடைசியில் அம்மனும் பத்தினியும் ஜெயிக்கவேண்டும், ஆசைப்பட்டவள் அழியவேண்டும். இதற்கெல்லாம் நான் சமாதானம் சொல்லமாட்டேன். ஆனால் கதை பத்தினியின் பக்கம் நிற்கும்போது கேமரா பேயின் பக்கம் நிற்கிறது. பத்தினி பூஜை செய்கிற நேரமெல்லாம் ஜனங்கள் முறுக்கு வாங்கப் போனார்கள். பேய் சமைக்கும்போது திரும்பிவந்தார்கள்.

இன்றைய நிலவரம் என்ன? தமிழில் இன்று காசு பார்க்கும் ஜாதிகளில் ஒன்று பேய்க் காமெடி. 2005-ல் 'சந்திரமுகி' அரண்மனையில் வடிவேலு வெலவெலத்ததைப் பார்த்து ஒரு தொழிற்சாலையே கிளம்பியது: 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', 2014-ல் 'அரண்மனை', பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று அவற்றுக்கு இலக்கமிட்டுக்கொண்டே போனார்கள். இவற்றில் சிரிப்பு பேயிடமிருந்து வருவதில்லை, ஓடுகிறவனிடமிருந்து வருகிறது. பயந்தவன் இடுப்பில் ஏறி உட்காருகிறான், அடுத்தவள் பருமனைக் கேலி செய்கிறான், மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் அறைந்துகொள்கிறார்கள். பேய் வந்ததும் சிரிப்பு கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறது. அப்புறம் இடைவேளைக்குப் பின் பேயின் பூர்வோத்தரம். எங்கள் கவுண்டரில் கே.ஒய்.சி. கேட்பதுபோல் இன்றைய பேயிடம் பெயர், விலாசம், செத்த விதம், கொன்றவர் விவரம் எல்லாம் அத்தாட்சியோடு கேட்கிறார்கள். அநியாயமாகச் செத்தேன் என்று நிரூபித்தால்தான் பழிவாங்க அனுமதி. ('காஞ்சனா'வில் சரத்குமார் ஏற்ற திருநங்கையின் கதைக்கு ஒரு கனம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.) நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க எங்கள் கிளைக்கு வரிசையில் வருகிறார்கள். போன தடவை எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்கு ரேகை தேய்ந்து மெஷின் ஏற்கவில்லை. "அப்ப நான் பேயா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். வரிசையே சிரித்தது. அவர் கண்ணைப் பார்த்தேன், எனக்குச் சில்லிட்டது. இந்த அரை நிமிஷத்தைத் தரக்கூடிய ஒரு காட்சி அந்த இலக்கமிட்ட படங்கள் ஒன்றிலும் எனக்கு அகப்படவில்லை. அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்களே, அதே பெயரில் புதுமைப்பித்தன் எழுதிய பேய்க் கதையில் பயமும் கிண்டலும் ஒரே ஆளின் குரலில், ஒரே வாக்கியத்துக்குள் வருகின்றன. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்.

இந்த விவகாரத்தில் எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று நண்பர் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன்.

'ஜகன்மோகினி'யை நான் முதலில் பார்த்தது மில்லர்புரம் வீட்டில், தொண்ணூறுகளின் கடைசியில், கேபிள்காரர் தன் சொந்தச் சானலில் போட்டபோது. எனக்குப் பத்து வயதிருக்கும். ஆச்சி தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அளத்தில் உப்பு வாரியவள். பாத்தியில் நின்று நின்று பாதம் முழுவதும் வெடித்து, வெடிப்புக்குள் வெடிப்பாக, தோல் என்று சொல்லமுடியாத ஒன்றாகியிருந்தது. ராத்திரியானால் எண்ணெய் தடவிக்கொள்வாள். திரையில் பேய் காலை எடுத்து அடுப்பில் வைத்தது. நான் அலறி ஆச்சியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆச்சி சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எண்ணெய்க் கையால் தன் பாதத்தைத் தட்டிக்காட்டி, "ஏலே, அவ காலு காஞ்ச காலு, பத்திக்கிடுது. எங்கால வச்சா அடுப்பே அவிஞ்சிரும்லே" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மோகினி காரணமில்லை. குஜராத்தில் கட்ச் ரண் பகுதியில் உப்பெடுக்கும் அகரியாக்களின் பாதம் சிதையிலும் முழுதாக எரிவதில்லை என்று எழுதியிருந்ததை வெகுகாலம் கழித்துப் படித்தேன். படித்தபோது ஆச்சி இல்லை.

எங்கள் உப்பளத்துப் பெண்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதியது 1979-ல். 'ஜகன்மோகினி' வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. நல்ல நாவல், நேர்மையான நாவல், வங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு தடவை படித்தேன். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. அவள் வாழ்க்கையைப் பற்றி அவளே சிரிக்கும்படி யாராவது அவளுக்கு எதையாவது காட்டினார்கள் என்றால், அது காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்த ஒரு கன்னடக்காரரின் தெலுங்குப் படம்தான். இதை எந்த அட்டவணையில் ஏற்றுவது? இலக்கியச் சேவையிலா, வியாபாரக் குப்பையிலா? கல்லூரியில் பிடித்த படம் எது என்று கேட்டபோது நான் பெர்க்மன் என்று சொன்னேன், அதுவரை ஒரு பெர்க்மன் படம்கூடப் பார்க்காமலே. பொய் சொன்னதற்கு வெட்கமில்லை. அந்த வயதில் எல்லோரும் சொல்கிற பொய். ஆனால் முப்பது தாண்டி, அந்த மாடியில், கைபேசி என் கைக்கு வந்தபோது நான் சிரித்த சிரிப்பு ஆச்சியின் சிரிப்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எப்படிச் சிரித்தாரோ அப்படிச் சிரித்தேன், அவர் பார்க்கவேண்டும் என்பதற்காக.

அடுத்த கூட்டத்தை மில்லர்புரத்தில் எங்கள் மாடியில் வைத்துக்கொள்ளலாம். 'ஜகன்மோகினி'யைத் துண்டாக அல்ல, முழுசாகப் போடுகிறேன். நல்ல பிரதி என் கண்ணில் இதுவரை பட்டதில்லை. கிடைத்திருப்பது நிறம் வெளுத்து, மூலையில் எவனோ ஒருவனுடைய சானல் முத்திரை குத்திய பிரதி. அதை வைத்தே பார்ப்போம். சிரிப்பதற்குத் தடையில்லை. நண்பர் தம் தாயாரையும் அழைத்துவரவேண்டும், அவர் முன்வரிசையில் உட்காரவேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.